சன்னக் குரல்

கல்யாணமாகி நான் பம்பாய் மாதுங்காவுக்குக் குடித்தனம் வந்த இரண்டாவது வருஷம், 1981. கைக்குழந்தை, மாமனார், மாமியார், பள்ளிக்கூடம் போகும் நாத்தனார், எல்லோருக்கும் சேர்த்து இரண்டு அறை. என்னவரின் சிநேகிதர் மஸ்கட்டிலிருந்து வாங்கி வந்த 'டூ-இன்-ஒன்'தான் வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம். அதில் சுப்ரபாதமும் சஷ்டி கவசமும் ஓடிக்கொண்டிருக்க, ஒருநாள் நாத்தனார் தான் சேர்த்து வைத்த காசில் ஒரு கேசட் வாங்கி வந்து போட்டாள். 'டிஸ்கோ தீவானே'.

"என்னடி கர்மம் இது, தவில்காரனுக்குச் சாமி வந்த மாதிரி!" என்றார் மாமியார்.

பாடியவள் நாஜியா ஹசன். கராச்சியில் பிறந்து லண்டனில் வளர்ந்தவள். 1965-ல் பிறந்தாள், அதாவது என் நாத்தனார் வயசுதான். அதற்கு முந்தின வருஷம் வந்த 'குர்பானி' இந்திப் படத்தில் ஒரே ஒரு பாட்டுப் பாடி, ஃபிலிம்ஃபேர் பரிசும் வாங்கிவிட்ட பெண். தம்பி ஸோஹேபோடு சேர்ந்து அவள் பாடிய முதல் ஆல்பம் இது. படமும் கிடையாது, ஆடுவதற்கு நடிகையும் கிடையாது, வெறும் பாட்டுதான். ஆனாலும் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் சக்கைப் போடு போட்டது. இசை பித்து என்பவர். லண்டனில் போய்ப் பெயர் வாங்கின பெங்களூர்க்காரர், நம்ம பக்கத்து மனுஷர்தான்!

எனக்கு ஆச்சரியமாக இருந்தது அந்தப் பெண்ணின் குரல்தான். பிருகா இல்லை, கமகம் இல்லை. லதா மாதிரி மேலே மேலே போகவும் போகாது. லேசாக மூக்கோடு பேசுகிற ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் குரல். பித்து அதை மாற்றப் பார்க்கவில்லை. அவள் குரலையே ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்து கனம் கொடுத்தார். மெல்லிசு நூலை இரட்டையாகக் கோத்துத் தைக்கிறோமே, அந்த மாதிரி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் நாத்தனாரும் நாலு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். ஒருநாள் பாட்டு வாத்தியார் கூடத்தில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே, "குழந்தைக்கு ஞானம் இருக்கு. ஆனா சாரீரம் சன்னம், மேடைக்கு எடுபடாது" என்றார். அடுத்த மாசமே பாட்டு நின்றது. அந்தப் பணம் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போயிற்று. அவள் பாடினால்தான் என் குழந்தை தூங்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் புது நாட்டுப்பெண், நமக்கென்ன வம்பு என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

கேசட் ஓடி முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மன்னி, இவளுக்கும் சன்னக் குரல்தான், கேட்டேளா?"

"அடுப்பிலே பால் வச்சிருக்கேன்" என்று எழுந்து போய்விட்டேன்.

2000 ஆகஸ்ட் 13-ம் தேதி நாஜியா லண்டனில் காலமானாள். நுரையீரலில் புற்றுநோய். வயசு 35, மூன்று வயதில் ஒரு பிள்ளை. பாட்டை எப்போதோ விட்டுவிட்டுச் சட்டம் படித்திருந்தாளாம். (அந்த நோய் சிகரெட் பிடிக்கிற ஆண்களுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். புகையே பிடிக்காத பெண்களுக்கும் வருமாம். இருமல் மூன்று வாரமாகியும் விடவில்லை என்றால் கஷாயத்தோடு நிற்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.)

அந்தச் செய்தி பேப்பரில் வந்த அன்றைக்குப் புனாவிலிருந்து நாத்தனார் ஃபோன் செய்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் கேசட்டைப் பற்றியே பேசினோம். பிறகு எப்படியோ தைரியம் வந்து, "வாத்தியார் அப்படிச் சொன்னப்போ நான் உனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கணும்" என்றேன்.

பதிலே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அன்னிக்கு நிஜமாவே அடுப்பிலே பால் இருந்துதா மன்னி?" என்றாள்.

"இல்லேடி."

"எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரித்தாள்.