கிலோவில் எழுதினால் எடை தப்பா?

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

"என் எடை 42 கிலோ" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. வீட்டில், ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில் எல்லா இடத்திலும் நாம் அப்படித்தான் பேசுகிறோம். பாடப்புத்தகம் மட்டும் நிறையைக் கிலோகிராமில் சொல், எடையை நியூட்டனில் சொல் என்கிறது. என்னிடம் படித்து இப்போது நர்ஸாக இருக்கும் பிள்ளை ஒருத்தி போன் செய்து சொன்னாள்: "டீச்சர், நான் தினமும் வார்டுல எல்லாருக்கும் வெயிட் பாத்து கிலோவுலதான் எழுதறேன். என் பொண்ணு அதையே எழுதினா தப்புங்கறாங்க. எனக்கு ஏறாது, பதினொன்னாவதுல சயின்ஸ் குரூப்பே வேணாம்னு அழறா."

காமர்ஸ் படிப்பதில் குறை ஒன்றும் இல்லை. நம் குடும்பத்திலேயே பாதிப் பேர் அதைப் படித்து நன்றாக இருக்கிறார்கள். ஆனால் பிடித்துப் போய் எடுக்க வேண்டும், பயந்து போய் எடுக்கக் கூடாது. அதனால் இது முதலில் அந்தப் பாப்பாவுக்கு.

25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை நினைத்துக்கொள். அதற்குள் இருக்கும் பொருளின் அளவுதான் நிறை. அந்தச் சிப்பத்தைப் பூமி தன் பக்கம் இழுக்கிறதே, அந்த இழுப்பின் பெயர் எடை. 25ஐ 9.8ஆல் பெருக்கினால் 245 நியூட்டன். சிப்பத்தை நிலாவுக்குக் கொண்டுபோனால் ஒரு பருக்கை கூடக் குறையாது. இங்கே எத்தனை நாளுக்குச் சமைப்போமோ அத்தனை நாளுக்கு அங்கேயும் வரும். ஆனால் நிலாவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால் எடை ஏறத்தாழ 40 நியூட்டனாக இறங்கிவிடும். இங்கே நாலு கிலோ பையைத் தூக்குவதுபோல ஒரு கையால் தூக்கலாம். ஆனால் கயிற்றில் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரித் தள்ளிப் பார்த்தால், அதே வேகத்துக்கு இங்கே எவ்வளவு தம் கட்டித் தள்ள வேண்டுமோ அவ்வளவு அங்கேயும் தள்ள வேண்டும். தூக்கும்போது தெரிவது எடை, தள்ளும்போது தெரிவது நிறை.

இப்போது உன் அம்மாவின் கணக்குக்கு வருவோம். பழைய மளிகைக் கடைத் தராசில் ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் பருப்பு. இரண்டையும் பூமி ஒரே மாதிரி இழுக்கிறது. நிலாவில் இரண்டுக்கும் இழுப்பு சேர்ந்தே குறையும், முள் நடுவில்தான் நிற்கும். ஆகவே அந்தத் தராசு சொல்வது நிறை. பழைய பேப்பர்காரர் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்ப்பாரே, அந்த வில் தராசு அப்படி இல்லை. அது எவ்வளவு இழுபடுகிறதோ அதைச் சொல்கிறது, அதாவது எடையை. வார்டில் இருக்கும் மிஷினும் காலின் அழுத்தத்தை, அதாவது எடையைத்தான் உணர்கிறது; ஆனால் அதை நிறையாக மாற்றிக் கிலோவில் காட்டும்படி செய்து வைத்திருக்கிறார்கள். டாக்டர் அந்தக் கிலோவை வைத்துத்தான் குழந்தைக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து என்று கணக்குப் போடுகிறார். ஆக அம்மா எழுதுவது சரியான எண். அது நிறை. ஊர் அதற்கு எடை என்று பேர் வைத்துவிட்டது, அவ்வளவுதான் சங்கதி.

எடை இடத்துக்கு இடம் மாறும் என்பதற்கு நிலாவரை போக வேண்டியதில்லை. 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் ஊசல் கடிகாரம் ஒன்றைப் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள கயேன் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். பாரிசில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியது. ஊசலின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்த பிறகுதான் சரியானது. பூமி சுழல்கிறது, நடுவில் லேசாகப் புடைத்தும் இருக்கிறது. அதனால் பூமத்திய ரேகைப் பக்கம் இழுப்பு சற்றுக் குறைவு. துருவத்தில் 9.83, பூமத்திய ரேகையில் 9.78. நியூட்டன் தம் கணக்குக்கு இந்தக் கடிகாரத்தையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டார்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சென்னையில் சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசை அப்படியே டில்லிக்குக் கொண்டுபோய் 1 கிலோ தங்கத்தை வைத்தால், முக்கால் கிராமுக்குச் சற்று மேலேயே கூடுதலாகக் காட்டும். தங்கம் விற்கும் விலையில் அது விளையாட்டா? அதனால்தான் நல்ல தராசை வைக்கும் ஊரிலேயே படிக்கல் வைத்துச் சரிபார்க்கிறார்கள். கடைத் தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இது பாடத்தில் இல்லை, பெண்களுக்கு நான் சொல்வது.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. நம் சின்னத்தான் மகளின் மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர் என்பது உறவுகளுக்குத் தெரியும். போன கல்யாணத்தில் நான் நிறை, எடை என்று பேசிக்கொண்டிருந்தபோது, "மாமி, எங்கட புத்தகத்தில அது திணிவு. நிறை எண்டா நீங்கள் சொல்லுற எடை" என்றார். இலங்கைப் பாடநூல்களில் அப்படித்தான். ஒரே தமிழ், ஒரே சொல், பாக் நீரிணையைத் தாண்டினால் பொருள் மாறுகிறது. திணிவு நல்ல சொல். திணித்து வைத்திருக்கிற பொருள் என்று கேட்டவுடன் மனசில் விழுகிறது. நமக்கும் அதுவே இருந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள் என்பது என் கட்சி.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே இங்குள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் மிதக்கிறார்கள். சாதாரண எடை மிஷினில் ஏறி நிற்க முடியாது. அதனால் ஸ்பிரிங் பொருத்திய கருவியில் ஆளை இணைத்து, அது எப்படி அசைகிறது என்று பார்த்து நிறையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஊஞ்சல் தள்ளினோமே, அந்த யோசனைதான்.

மிச்சம் இருப்பது அடர்த்தி. "1 கிலோ பஞ்சு கனமா, 1 கிலோ இரும்பு கனமா?" என்று நான் கேட்டதும் வகுப்பே "இரும்பு!" என்று கத்துவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கத்தியவர்கள் முட்டாள்கள் இல்லை. நம் பேச்சில் "கனம்" என்ற ஒரே சொல்லில் எடையும் இருக்கிறது, அடர்த்தியும் இருக்கிறது. நான் ஒன்றைக் கேட்டேன், நீங்கள் இன்னொன்றுக்குச் சரியாகப் பதில் சொன்னீர்கள். ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் கொள்ளளவில் ஒன்று, நிறையில் வேறு. 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ; 1 லிட்டர் சமையல் எண்ணெய் 910 கிராம் அளவுதான், பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். 1 லிட்டர் பாதரசம் 13.6 கிலோ. அதில் இரும்பு ஆணி மிதக்கும். தண்ணீரை ஃப்ரீசரில் வைத்தால் 1 லிட்டர் 1,090 மில்லி அளவுக்குப் பெருகுகிறது. நிறை மாறவில்லை, இடம் கூடியதால் அடர்த்தி குறைந்தது. ஐஸ் மிதப்பதும் நிரப்பி வைத்த பாட்டில் வெடிப்பதும் அதனால்தான்.

இதையெல்லாம் பெயர் சொல்லாமலே நம் விவசாயிகள் கையாள்கிறார்கள். வயல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள். பத்து லிட்டர் தண்ணீரில் புது முட்டை ஒன்றைப் போட்டால் அடியில் போய் உட்காரும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் தண்ணீரின் அடர்த்தி கூடி முட்டை மேலே வரும். பழைய நாலணா அகலத்துக்கு ஓடு வெளியே தெரிந்ததும் உப்பை நிறுத்திவிட்டு விதை நெல்லைக் கொட்டுங்கள். மிதப்பது பதரும் அரைவயிற்று நெல்லும். மூழ்குவதுதான் விதைக்கு. உப்பு தங்கினால் முளைப்பு கெடும் என்பதால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். முட்டையை வீணாக்காதீர்கள், கழுவி அவித்துச் சாப்பிடலாம்.