வெப்ஸ்டர் என்னும் நெசவுக்காரி

நன்னூலின் பாயிரத்தை வகுப்பில் நடத்தும்போது ஆண்டுதோறும் ஓரிடத்தில் நாம் சற்று நின்றுவிடுவதுண்டு. நூல் என்னும் பெயருக்குப் பவணந்தி முனிவர் காரணம் காட்டுமிடம் அது. சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், வாய் கையாகவும், அறிவு கதிராகவும் அங்கே உருவகமாகின்றன. புலவனுக்கு ஒப்பாக நிறுத்தப்படுபவளோ ஒரு பெண், நூல் நூற்பவள். பனுவல் என்ற சொல்லுக்குப் பஞ்சு, நூல், ஏடு என எல்லாப் பொருளும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னால் உறங்கும் மாணவரும் விழித்துக்கொள்வர்.

ஈராண்டுகளுக்கு முன் அவ்வகுப்பில் ஒரு மாணவி, "வேறு மொழியிலும் இப்படி உண்டா?" என்று கேட்டார். நாம் சற்றும் யோசியாமல் துறை நூலகத்து வெப்ஸ்டர் அகராதியைச் சுட்டினோம். "வெப்ஸ்டர் என்றாலே நெய்பவள் என்றுதான் பொருள். அந்த அகராதிக்காரரின் முப்பாட்டி ஒருத்தி தறியில் அமர்ந்திருந்தவள்" என்றோம். வகுப்பு மகிழ்ந்தது. இரவில்தான் உறுத்தல் தொடங்கிற்று. கூற்றின் முற்பாதிக்குச் சான்று உண்டு. பிற்பாதி நம் கற்பனை.

பழைய ஆங்கிலத்தில் நெய்பவன் 'வெப்பா'; நெய்பவள் 'வெப்பெஸ்ட்ரே'. நம் 'காரி'யைப் போன்றதொரு விகுதி அந்த 'எஸ்ட்ரே'. ரொட்டி சுடுபவளிடமிருந்து பேக்ஸ்டர், மது காய்ச்சுபவளிடமிருந்து ப்ரூஸ்டர், சாயம் தோய்ப்பவளிடமிருந்து டெக்ஸ்டர் என இன்று ஆடவர் பலர் தாங்கித் திரியும் குடும்பப் பெயர்கள் அவ்விகுதியின் மிச்சங்களே. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், வழிவழியாக வரும் குடும்பப் பெயர் முதலில் நிலவுடைமையாளரிடம் வேரூன்றியது. பிறகு மெல்ல எளியோரிடம் இறங்கியது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி தண்டப்பட்டபோது ஊர் ஊராக ஆட்களைப் பெயர் சொல்லிப் பதிய வேண்டியிருந்தது. ஓர் ஊரில் நான்கு ஜான்கள் இருந்தால் தறிக்கார ஜானைத் தனியே குறிக்கத்தானே வேண்டும்? 1400 அளவில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்குப் பெயர் உறைந்துவிட்டது. அதன்பின் மகன் ஆடு மேய்த்தாலும் அவன் வெப்ஸ்டரே.

ஒரே தொழில், ஊருக்கொரு பெயர். தெற்கிலும் நடுநாட்டிலும் வெப். டெவன், சாமர்செட் பக்கம் வெப்பர். யார்க்‌ஷயர், லங்காஷயர், டெர்பிஷயர் தொடங்கி ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைவரை வெப்ஸ்டர். வீவர் என்பாருள் சிலருக்கோ தறியோடு உறவே இல்லை. செஷயரில் வீவர் என்றொரு ஆறும் அதன் பெயரால் ஓர் இடமும் உள்ளன.

நம் பிழை வடக்கில்தான் இருந்தது. குடும்பப் பெயர்கள் உறைந்த காலத்தில் அங்கே 'ஸ்டர்' பெண்பாலை இழந்துவிட்டிருந்தது. ஆண் நெசவாளனையும் வெப்ஸ்டர் என்றே அழைத்தனர். பழைய ஆங்கிலத்திலேயே ரொட்டி சுடும் ஆடவனுக்கு அந்த 'எஸ்ட்ரே' சொல்லை வழங்கியதற்குச் சான்றுண்டு. ஆகவே வெப்ஸ்டர் குடும்பம் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நெசவுக்காரியைத் தேடுவது வீண். பின்னாளில் அவ்விகுதி பெண்ணைக் குறித்ததே மறந்துபோய், தையற்காரியைக் குறித்த சீம்ஸ்டரோடு இன்னொரு பெண்பால் விகுதியை ஒட்டிச் சீம்ஸ்ட்ரஸ் ஆக்கினார்கள். இலக்கண ஆசிரியரை இதைவிட நோகடிக்க இயலாது. பெண்ணை விட்டு அகலாத சொல் ஸ்பின்ஸ்டர் ஒன்றுதான். நூற்பவள் என்ற அதன் பொருள் பதினேழாம் நூற்றாண்டின் சட்ட ஆவணங்களில் மணமாகாதவள் என்றாயிற்று. இராட்டை போயிற்று, திருமணமின்மை மட்டும் நின்றது.

சொல் கைவிட்டதால் பெண்கள் நெய்யவில்லை என்றாகிவிடாது. சாசரின் காண்டர்பரி கதைகளில் வரும் பாத் நகரத்துப் பெண் துணி நெய்வதில் ஈப்ர, கெண்ட் நகரத்தாரை விஞ்சியவள். 1461இல் பிரிஸ்டல் நகரம், நெசவாளர் தம் மனைவியரையும் மகள்களையும் தறியில் அமர்த்தக் கூடாதென்று விதி செய்தது; அரசனின் போருக்கு உதவக்கூடிய ஆடவர் வேலையின்றித் திரிகின்றனராம். அமர்ந்திராதவரை எழுப்ப யாரும் விதி செய்வதில்லை.

பெயர் மட்டும் தறியை விட்டிறங்கிப் பயணப்பட்டது. மால்ஃபி சீமாட்டியின் துயர நாடகத்தை எழுதிய ஜான் வெப்ஸ்டரின் தந்தை இலண்டனில் வண்டி செய்தவர். கரீபியத் தீவுகளில் ஆங்கிலப் பெயர்கள் பலவும் அடிமை முறையின் காலத்தோடு இறங்கியவை. அங்கே அங்கிலாவில் 1967இல் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு வெப்ஸ்டர், ரொனால்ட் வெப்ஸ்டர். 1656இல் கனெக்டிகட் குடியேற்றத்தின் ஆளுநராயிருந்த இன்னொரு ஜான் வெப்ஸ்டரின் வழியில் 1758இல் பிறந்தவர்தான் நம் அகராதிக்காரர் நோவா. ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட அவருடைய அகராதி 1828இல் வெளிவந்தது.

அவர் வரலாற்றைத் தேடியபோது ஒரு வியப்பு. தந்தை உழவர், நெசவும் செய்தவர்! நூற்றாண்டுகள் கழித்துப் பெயரும் தொழிலும் தற்செயலாக மீண்டும் கைகோத்திருந்தன. மகிழ்ச்சியோடு அடுத்த வரிக்குச் சென்றோம். தாய் வீட்டு வேலை பார்த்தவர் என்றிருந்தது.

அவ்வரியில் வெகுநேரம் நின்றோம். காரணம், அதை நாமும் எழுதியிருக்கிறோம். சென்னிமலைப் பக்கத்தில் தறிக்குழி உள்ள வீடு எம்முடையது. தந்தையார் நாடா எறிவார். தாயார் விடியுமுன் எழுந்து தார் சுற்றுவார், பாவுக்குக் கஞ்சி போடுவார், தந்தையார் நூல் வாங்கப் போன நாளில் தாமே குழியில் இறங்கிப் போர்வையை நெய்து முடிப்பார். பதினேழாம் வயதில் கல்லூரி விண்ணப்பத்தில் தந்தை தொழில் என்ற கட்டத்தில் நெசவு என்று எழுதினோம். தாய் தொழில் என்ற கட்டத்தில் இல்லத்தரசி. யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. கை தானாக எழுதிற்று.

அடுத்த வகுப்பில் முப்பாட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். கேள்வி கேட்ட மாணவிக்குச் சற்று ஏமாற்றம். விண்ணப்பத்தைப் பற்றி வகுப்பில் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊர் சென்றபோது தாயாரிடம்தான் சொன்னோம். சீமையில் நெய்பவளுக்கென்றே ஒரு பெயர் இருந்ததையும், அதை ஆண்களுக்கு வைத்துக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னோம். விண்ணப்பக் கதையை அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி, "ஏங் கண்ணு, அவ தறியில உக்காந்துட்டா, அவளுக்குத் தார் சுத்திக் குடுத்தது ஆரு?" என்றார்.