கீரிமலையில் ஒரு காலைப்பொழுது

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில் கடலோரமாக அமைந்துள்ளது கீரிமலை. உப்புக் கடலின் கரையிலேயே நன்னீர் ஊற்று. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறை வெடிப்புகளூடாக நிலத்தினுள் இறங்கி, இங்கே ஊற்றாக வெளிவருகிறது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இதில் நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஐதிகம். அருகில் நகுலேஸ்வரர் கோயில்.

எம்மில் பலருக்குக் கீரிமலை என்றதும் நினைவில் வருவது அந்தியேட்டியும் ஆடி அமாவாசையும்தான். எமது மாதர் சங்கத்திலிருந்து எட்டுப்பேர் சும்மா குளித்து வரலாம் என்று புறப்பட்டபோது, ஒரு சகோதரி மறுத்துவிட்டார்.

"நான் வரேல்லை அக்கா. அங்கை போனால் அவருக்கு அந்தியேட்டி செய்யப் போறன் எண்டு சனம் நினைக்கும்."

அவருடைய கணவர் 2009இல் காணாமற்போனவர். மனுக் கொடுப்பது, கோழி வளர்ப்பது, பிள்ளைகளைப் படிப்பிப்பது என்று ஓய்வின்றி ஓடுபவர். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் காலையில் பஸ் தரிப்பிடத்தில் பையோடு நின்றார். "குளிக்க மட்டும்தான் வாறன்" என்றார்.

பெண்களுக்கான கேணி மதிலால் மறைக்கப்பட்டது. உள்ளே இறங்கினால் தண்ணீரும் வானமும்தான். அவர் வெகுநேரம் கால்களை நனைத்தபடி படியிலேயே இருந்தார். பிறகு இறங்கி, ஒரே மூச்சில் மறுகரைக்கு நீந்தினார். நாங்கள் திகைத்துப்போனோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயரும் வரை, சிறுமியாக இதே கேணியில் நீந்தியவராம். தலையைத் துவட்டும்போது வாய்விட்டுச் சிரித்தார். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரியும் பிள்ளை. சிரிச்சால் அவரை மறந்ததெண்டு அர்த்தமில்லை" என்றார் எங்களில் மூத்த அம்மா.

கட்டுச்சோறு சாப்பிட்டு வீடு திரும்பினோம். அவருடைய கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் "இரவு விடியுமட்டும் நித்திரை கொண்டன்" என்று மறுநாள் சொன்னார். அடுத்த கிழமை வழமைபோல மனுவோடு புறப்பட்டார்.

சகோதரிகளே, களைத்த உடலுக்குப் பாய் விரிக்கிறோம். களைத்த மனதுக்கும் இளைப்பாறல் வேண்டும். அது துரோகமல்ல, தொடர்ந்து நடப்பதற்கான பலம். தொலைவுக்குப் போக முடியாவிட்டால் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம், அயலவரோடு தாயம் விளையாடலாம். கிழமைக்கணக்கில் நித்திரையும் பசியும் இல்லையென்றால் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள்.

அடுத்த முறை கட்டுச்சோறு கட்டுவது தன் பொறுப்பு என்று அந்தச் சகோதரி இப்போதே சொல்லிவிட்டார்.