கோபம் ஆறிய பின்னர்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்” என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. கோறணமேந்து என்றால் அரசாங்கம். இதைச் சொல்லி நகையாத வீடும் இல்லை. இதன்படி பிள்ளைகளை வளர்க்காத வீடும் இல்லை. ஆறில்லாத மண்ணிலே, கிணற்று நீரையும் மாரி மழையையும் நம்பிப் புகையிலையும் வெங்காயமும் செய்தவர்களுக்கு, மாத முடிவிலே தவறாது வரும் சம்பளமும், தலை நரைத்தபின் தவறாது வரும் பென்சனும் எத்துணைப் பெரிய பாதுகாப்பாகத் தோன்றியிருக்கும்! ஆதலால் அவர்களை எள்ளி நகையாடுவது எமது நோக்கம் அன்று. உத்தியோகத்திற் சேர்வது எவ்வாறு என்பதை, பழைய சோதனைத் தாள்களைச் செய்து பார்ப்பது முதல் சப்பாத்து மினுக்குவது ஈறாக எமக்குக் கற்பித்தவர் பலர். அதைவிட்டு நீங்குவது எப்பொழுது என்பதை மட்டும் ஒருவரும் கற்பிக்கவில்லை.

நீங்குதல் என்பதற்கு எம்மூரிலே இரண்டே பொருள் உண்டு. ஒன்று, வயது வந்து இளைப்பாறுதல். மாலையிட்டுப் படம் பிடித்து, அப்படத்தை விறாந்தைச் சுவரிலே மாட்டிவைப்பர். மற்றையது, இடையிலே விலகுதல். அதற்குப் படம் இல்லை. “என்ன செய்து அகப்பட்டானோ” என்று அயலார் தணிந்த குரலிலே பேசிக்கொள்வர். அவ்வளவுதான்.

எம் பெரியப்பா முப்பத்தாறு ஆண்டுகள் புகையிரதப் பகுதியிலே இலிகிதராகக் கடமையாற்றி, மாலையும் படமுமாக இளைப்பாறியவர். அவர் காலமானபின் அவருடைய றங்குப் பெட்டியைத் திறந்தபோது, காணி உறுதிகளுக்கும் சாதகக் குறிப்புகளுக்கும் அடியிலே இரண்டு கடித உறைகள் இருந்தன. இரண்டும் இராசிநாமாக் கடிதங்கள். அழகான ஆங்கிலத்திலே, கையொப்பமும் திகதியும் இட்டு, அனுப்பப்படாமற் கிடந்தவை. முதலாவது 1963ஆம் ஆண்டுக்கு உரியது. சம்பள உயர்வு நிறுத்தப்பட்டதே அதிற் காட்டப்பட்ட காரணம்.

அக்காலத்தை அறியாத மாணவர்க்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1956ஆம் ஆண்டிலே சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. அதன் பின்னர், சிங்களத்திலே தேர்ச்சி காட்டாத அரசாங்க ஊழியரின் சம்பள உயர்வு நிறுத்தப்படலாயிற்று. ஆங்கிலத்திலே சோதனை எழுதி, ஆங்கிலத்திலே வேலை செய்து, நரை தோன்றும் வயதை அடைந்த தமிழ் இலிகிதர் பலர் அன்று செய்வதறியாது திகைத்தனர். விலகிச் சென்றோர் உண்டு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிள்ளைகளின் அரிச்சுவடியைப் படித்தோர் உண்டு. கேகாலைக் கச்சேரியிலே கடமையாற்றிய கோடீஸ்வரன் என்பார் மூன்றாவது வழியைத் தெரிந்தார். 1962ஆம் ஆண்டிலே தமக்கு மறுக்கப்பட்ட உயர்வுக்காக அவர் அரசின்மீதே வழக்குத் தொடுத்தார். 1964இலே மாவட்ட நீதிமன்றம் அவர் சார்பாகத் தீர்த்தது. 1967இலே உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1969இலே இலண்டனில் உள்ள பிரிவிக் கவுன்சில், அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிடலாம் என்று கூறியது. இவ்வழக்கின் சட்ட நுட்பங்கள் நீண்டவை. அவை இங்கே வேண்டா. எமக்கு வேண்டியது ஒன்றே. அம்மனிதருக்குக் கோபம் இருந்திருக்கவேண்டும். அக்கோபமே அவரை வேலையோடு பிணைத்திருக்கவும் வேண்டும். தன்னுடையது என்று ஒருவன் கருதாத பொருளுக்காக ஏழாண்டு நீதிமன்றப் படியேறமாட்டான்.

பெரியப்பாவிடம் அத்துணிவு இருந்ததோ இல்லையோ, அவர் அடிக்கடி கூறும் ஒரு வார்த்தையின் பொருள் அவ்வுறைகளைக் கண்டபின்னரே எமக்கு விளங்கிற்று. “தம்பி, கோபத்திலை எழுதின கடிதத்துக்கு அண்டைக்கே முத்திரை ஒட்டப்படாது” என்பார்.

நாமும் மூன்று கடிதங்கள் எழுதியதுண்டு. கொழும்புக் கோட்டையிலே ஒரு வர்த்தக நிறுவனத்திலே இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்காளராக இருந்தோம். எமக்குப் பின் வந்த ஒருவரை எமக்கு மேலே அமர்த்தியபோது முதற் கடிதம். ஐந்தொகை தயாரிக்கும் காலத்திலே, தாயாரின் ஆண்டுத் திவசத்துக்கு இரண்டு நாள் விடுமுறை மறுக்கப்பட்டபோது இரண்டாவது. மூன்றாவது எதற்கு என்பது இப்பொழுது நினைவில் இல்லை. அவ்வளவு பெரிய காரணமாக இராது. மூன்றையும் மேசை லாச்சியிலே வைத்தோம். மூன்றும் அங்கேயே பழுத்தன. அவற்றைக் கொடாமல் இருந்தது அச்சத்தினால் என்று நண்பர் சிலர் கூறினர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் கடிதத்தை எழுதி முடித்தபின், மறுநாட் காலையிலே முதல் ஆளாகக் கந்தோருக்குச் சென்று, முதல்நாள் தீராத கணக்கைத் தீர்க்க அமர்ந்தோம். வெறுத்தவன் செய்யும் செயல் அதுவன்று.

உண்மையான நாள் வேறு விதமாக வந்தது. வங்கிக் கணக்கையும் எமது பேரேட்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைக்கும் இணக்கக் கூற்றை நாம் மாதந்தோறும் தயாரித்து வந்தோம். பிறர்க்கு அது சலிப்பான வேலை. எமக்கோ அதிலே ஒரு தனி இன்பம். நாற்பது ரூபா குறைந்தாலும் அந்த நாற்பது ரூபா எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி, மாலை ஏழு மணிக்குக் கண்டுபிடித்துவிட்டு, வெள்ளவத்தை வரையும் மனத்துக்குள்ளே பாடிக்கொண்டு பஸ்ஸிலே சென்ற நாட்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் இறுதியிலே ஒருநாள், இனி இக்கூற்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்று கூட்டத்திலே அறிவித்தனர். எல்லாரும் எம்மைப் பார்த்தனர். வாக்குவாதம் ஒன்று எழும் என எதிர்பார்த்தனர். நாம் யன்னலைப் பார்த்தோம். கடற்பக்கத்திலே கருமுகில் திரண்டிருந்தது. மழைக்கு முன்னர் பஸ் பிடித்துவிடலாமா என்பதே அப்பொழுது எமக்கு இருந்த ஒரே எண்ணம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் உறங்கியிருப்போம்.

இது வெறும் களைப்பாக இருக்கலாம் என்று முதலில் எண்ணினோம். களைப்புக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. களைத்தவன் இரண்டு வாரம் ஊரிலே வேப்பமரத்தின் கீழ்க் கிடந்து எழுந்தால், மூன்றாம் வாரம் தன் மேசையை நினைப்பான். நாமும் ஊருக்குச் சென்றோம், கிடந்தோம், நல்லூருக்கும் போய் வந்தோம். மேசையின் நினைவு வரவே இல்லை.

விடுமுறை என்றவுடன் லெனாட் வூல்ஃபின் வரலாறு நினைவுக்கு வருகின்றது. இருபத்துநான்கு வயதிலே, ஒரு நாயையும் வோல்ற்றயரின் நூற்றொகுதியையும் கொண்டு 1904ஆம் ஆண்டின் இறுதியிலே இலங்கைக்கு வந்த ஆங்கிலேய உத்தியோகத்தர் இவர். யாழ்ப்பாணக் கச்சேரியிலே தொடங்கி, கண்டிக்குச் சென்று, 1908இலே அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானார். உப்பளமும் காடும் வறட்சியும் நிறைந்த அந்த மாவட்டத்திலே இரவு பகலாக உழைத்தார். 1911ஆம் ஆண்டிலே ஓராண்டு விடுமுறையிலே இங்கிலாந்து சென்றவர், அதை நீடிக்குமாறு கேட்டார். காரணம் என்ன என்று மேலிடம் வினவியது. அவர் கூறவில்லை, 1912இலே பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே வேர்ஜினியாவை மணந்தார். மறு ஆண்டு, அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றிய அவருடைய நாவல் வெளியாயிற்று.

எமது அளவுகோல் இவருக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேலையிலே இவருக்கு நாட்டம் குன்றவில்லை. வேர்ஜினியா மறுத்திருந்தால் மீண்டும் அம்பாந்தோட்டை போன்ற ஒரு மூலைக்கே திரும்பி, அங்கேயே மறைந்து வாழ எண்ணியிருந்ததாக அவரே பின்னர் எழுதினார். அவர் வேண்டாதது செய்த வேலையை அன்று. அவ்வேலை தம்மை ஏற்றிவைக்கப்போகும் நாற்காலியை. பிறரை ஆளும் பெரிய துரையாகத் தாம் மாறுவதை அவர் விரும்பவில்லை. இதை வாசித்தபின், எமக்கு மேலே இருந்தவரின் அறையை நாமும் உற்றுப் பார்த்தோம். அந்த அறைக்குள் இருப்பதாக எம்மை நாம் கற்பனை செய்து பார்த்தோம். எதுவும் தோன்றவில்லை. நாற்காலி மட்டுமே தோன்றிற்று.

எம் இல்லாளிடம் செய்தியைச் சொன்னபோது அவர் கேட்ட முதற் கேள்வி, “இஞ்சேருங்கோ, கோபத்திலை சொல்லுறியளோ, யோசிச்சுச் சொல்லுறியளோ?” என்பதே. யோசித்து என்றோம். அப்படியானால் தாமும் யோசிக்கவேண்டும் என்று கூறி, ஒரு கொப்பியை எடுத்து வந்தார். மகளுக்கு அடுத்த ஆவணியிலே உயர்தரப் பரீட்சை. வீட்டுக் கடன் இன்னும் மூன்றாண்டு இருந்தது. அவருடைய தாயாரின் மருந்துச் செலவு வேறு. பரீட்சை முடியும்வரை வீட்டிலே இதைப்பற்றிப் பேச்சு எடுப்பதில்லை. ஆறு மாதச் செலவுக்குரிய பணம் வங்கியிலே சேரும்வரை கடிதம் கொடுப்பதில்லை. இவ்விரண்டு நிபந்தனைகளையும் அவர் அக்கொப்பியிலே எழுதி, எம்மிடம் கையொப்பமும் பெற்றார். கணக்காளரை மணந்தவர் அல்லவா!

இளைஞர் பலர் இக்கணக்கைப் பாராமல் விலகிவிடுகின்றனர். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதிக்கு, ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும் தொழில் தருநரிடமிருந்து 12 வீதமும் செல்கின்றன. வேலையை விட்டவுடன் அது முழுதும் கைக்கு வரும் என்று நம்புவோர் உளர். பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலுமே அது கிட்டும். பணிக்கொடையின் விதி வேறு. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனத்திலே ஐந்தாண்டு நிறைவுசெய்தவருக்கு, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் உரியது. நான்காண்டும் பத்து மாதமும் வேலை செய்த ஒருவர் இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருப்பது கோழைத்தனம் அன்று, கூட்டல் தெரிந்தமை.

பத்து மாதம் கழித்து, 2018ஆம் ஆண்டின் இறுதியிலே கடிதத்தைக் கொடுத்தோம். நான்கு வரிகள். குறை எதுவும் அதில் இல்லை. எழுத முயன்றாலும் வந்திராது. பின்னர் சிறு கடைகள் சிலவற்றின் கணக்குகளை வீட்டிலிருந்தே எழுதலானோம். மாலையிலே உயர்தர மாணவர்க்குக் கணக்கீடு கற்பித்தோம். வருமானம் முன்னையதில் மூன்றில் இரண்டு பங்கு. 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் இன்றி வகுப்புகள் நின்று, கடைக்காரரும் கைவிரித்தபோது, மாதச் சம்பளம் எத்தகைய நிழல் என்பது எமக்கு நன்கு விளங்கிற்று. கோழி மேய்க்கும் பழமொழியைக் கேட்டு அவ்வாண்டு நாம் நகைக்கவில்லை. அரசாங்க ஊழியர் பலர் அப்பொழுது ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு சென்றனர். கதவைச் சாத்தாமற் போகும் அந்த வழி தனியார் கந்தோரிலே இருந்தவர்க்கு இல்லை. கொப்பியிலே எழுதிய அந்த ஆறு மாதப் பணம் அன்றுதான் உதவிற்று.

நாம் விலகுவதற்கு ஆறு மாதம் முன்னராக எம்மிடம் வேலை பழக வந்த இளைஞர் ஒருவர் இருந்தார். கடைசி வாரங்களிலே இணக்கக் கூற்றை அவருக்குத்தான் காட்டிக்கொடுத்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வதற்கு இத்தனை நுணுக்கம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அதை நாம் கவனித்துக்கொண்டோம். 2023ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில் ஓர் இரவு அவர் தொலைபேசியிலே அழைத்தார். வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை.

“சேர், இவையோடை இனி ஏலாது. நாளைக்கே எழுதிக் குடுக்கப்போறன்.”

“என்ன தம்பி, என்ன நடந்தது?”

“மூண்டு மாதமாய் வங்கிக் கணக்கிலை ஒரு பிழை கிடந்திருக்கு. மாதாமாதம் பார்த்திருந்தால் முதல் மாதமே பிடிச்சிருப்பன். ஒருத்தரும் கேக்கினம் இல்லை.”

“நீர் சேர்ந்து எவ்வளவு காலம்?”

“நாலு வருஷமும் ஏழு மாதமும்.”

“மாதாமாதம் செய்யவேணும் எண்டு எத்தினைதரம் சொல்லிப் பார்த்தீர்?”

“மூண்டு தரம், சேர். இனி எழுத்திலை குடுக்கப்போறன்.”

“எதை, இராசிநாமாவையோ?”

அவர் சற்று மௌனமாக இருந்தார். பின்னர், அந்தப் பிழை எவ்வாறு நிகழ்ந்தது, எந்தக் காசோலையிலே தொடங்கியது என்பதை அரைமணி நேரம் விரித்துரைத்தார். நாம் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கேட்டிருந்தோம்.