அழியாத சேர்க்கைகள்

ஆகஸ்டு 4, 2025, திங்கள்

கடிதச் சர்வரான எக்ஸ்சேஞ்சின் 2016, 2019 ஆகிய இரண்டு பதிப்புகளுக்கும் வருகிற அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிவடைகிறதென்பது வெகு காலமாகத் தெரிந்த விஷயமே ஆனாலும், சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் என்னும் புதிய பதிப்பு ஜூலை முதல் தேதி வெளிவந்த பிறகுதான் எங்கள் அலுவலகத்தில் அதைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. 2019-ஐ வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். கடைசியாக வந்த அப்டேட்டைப் போட்டிருந்தால், இருக்கிற சர்வரின் மேலேயே புதியதை நிறுவிக்கொள்ளலாம், கணக்குகளெல்லாம் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியின் ஸ்கீமாவையும், அதாவது அதன் இலக்கணத்தையும், தொட வேண்டியதில்லை. எங்களிடம் இருப்பதோ 2016. புதிய சர்வரைத் தனியாக எழுப்பி, மெயில்பாக்ஸ்களை ஒவ்வொன்றாக அதற்கு நகர்த்தி, பழையதை முறையாகக் கழற்ற வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஆக்டிவ் டைரக்டரியின் ஸ்கீமாவை விரிவாக்கியாக வேண்டும்.

“அதற்கென்று தனியாக ஒரு நாள் எதற்கு சார்? செட்டப்பை ஓட்டினால் அதுவே ஸ்கீமாவையும் பார்த்துக்கொள்ளுமே” என்றார் என்னோடு வேலை பார்க்கும் இளைஞர். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. செட்டப்பை ஓட்டுகிறவரின் கணக்குக்குப் போதிய அதிகாரம் இருந்தால், முதல் சர்வரை நிறுவும்போதே ஸ்கீமாவையும் நிறுவனக் கட்டமைப்பையும் டொமைனையும் அது வரிசையாகத் தயார்செய்துவிடும். அந்தச் சௌகரியத்தைத்தான் நான் தோஷமாகக் கருதுகிறேன். சர்வரை நிறுவுவது ஒரு யந்திரத்தின் மீது நடக்கும் காரியம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ஸ்கீமாவை மாற்றுவதோ, ஒரே டைரக்டரியைப் பகிர்ந்துகொள்ளும் டொமைன்களின் தொகுப்பான ஃபாரஸ்டில், அந்த டைரக்டரியின் பிரதியை வைத்திருக்கும் ஒவ்வொரு டொமைன் கண்ட்ரோலருக்கும் போய்ச் சேரும் காரியம். அதைக் கழற்ற வழியே கிடையாது. இவ்வளவு வித்தியாசமான இரண்டு செயல்களை ஒரே பொத்தானுக்குள் அடக்கிவிட்டால், அதை அழுத்துகிறவருக்குத் தாம் எதை அழுத்துகிறோம் என்பது எப்படித் தெரியும்?

டைரக்டரியில் எத்தனை வகைப் பொருள்கள் இருக்கலாம், ஒவ்வொரு வகைக்கும் என்னென்ன குணங்கள் உண்டு, அந்தக் குணத்தில் எழுத்து வருமா எண் வருமா, எந்தப் பொருளுக்கு அடியில் எது பிறக்கலாம் என்ற இந்த இலக்கணம் முழுவதும் டைரக்டரிக்குள்ளேயே பொருள்களாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதில் சேர்க்கலாம், நீக்க முடியாது. வேண்டாத ஒன்றைச் செயலற்றதென்று குறித்துவைக்கலாமே தவிர, அது இருந்த இடத்திலேயேதான் கிடக்கும். எழுதும் உரிமையும் ஸ்கீமா மாஸ்டர் என்ற ஒரே ஒரு டொமைன் கண்ட்ரோலருக்குத்தான். மற்றவை பிரதி வாங்கிக்கொள்ளும்.

ஆகஸ்டு 6, புதன்

இன்று இருப்பதை அளந்து பார்த்தோம். ஸ்கீமாவின் பதிப்பை எழுதிவைக்கத் தனி இடம் எதையும் எக்ஸ்சேஞ்ச் வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். எம்எஸ்-எக்ஸ்ச்-ஸ்கீமா-வெர்ஷன்-பிடி என்ற பெயரில் ஒரு குணத்தைப் படைத்து, அந்தக் குணத்துக்குரிய மதிப்பின் உச்சவரம்பு என்னும் கட்டத்தில் பதிப்பெண்ணைப் போட்டிருக்கிறார்கள்; அதை உச்சவரம்பாகப் பயன்படுத்துவோர் யாருமில்லை. எக்ஸ்சேஞ்ச் 2000 வெளிவந்தபோது அங்கே இருந்த எண் 4397. எங்களிடம் இருப்பது 15334. புதிய பதிப்பு அதை 17003 ஆக்கும். இதைத் தவிர, நிறுவனக் கட்டமைப்புக்கு ஓர் எண்ணும், ஒவ்வொரு டொமைனுக்கும் ஓர் எண்ணும் வேறு இடங்களில் உண்டு, மூன்றையும் குறித்துக்கொண்டோம்.

ஸ்கீமாவை மாற்றும் அதிகாரமுள்ள ஸ்கீமா அட்மின்ஸ் குழுவைத் திறந்து பார்த்தேன், யாருமே இல்லை. இருக்க வேண்டிய விதமும் அதுதான். வேலையன்று ஒருவரைச் சேர்த்து, முடிந்தவுடன் எடுத்துவிட வேண்டுமேயன்றி, கௌரவப் பதவி போல அதில் நிரந்தரமாக வீற்றிருப்பது உசிதமன்று.

கண்ட்ரோலர்கள் மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும் ரெப்ளிகேஷனின் நிலவரத்தைக் கேட்டபோதுதான் ஒரு விவகாரம் தலைகாட்டியது. கிளை அலுவலகம் ஒன்றின் டொமைன் கண்ட்ரோலர், ஃபயர்வாலில் யாரோ செய்த மாற்றத்தால், தலைமை அலுவலகத்திலிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாமல் இருந்திருக்கிறது. அங்கே உள்ளவர்கள் லாகின் செய்கிறார்கள், கடிதம் அனுப்புகிறார்கள், ஒரு குறையும் தெரியவில்லை. ஆகவே யாரும் புகார் செய்யவுமில்லை. இந்த நிலையில் ஸ்கீமாவை விரித்திருந்தால், ஒரே ஃபாரஸ்டில் இரண்டு இலக்கணங்கள் நிலவியிருக்கும். ஃபயர்வால் சரிசெய்யப்பட்டு, எல்லாக் கண்ட்ரோலர்களும் பிழையின்றிப் பரிமாறிக்கொள்ளும் வரையில் தேதி குறிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டு 11, திங்கள்

ஃபயர்வால் சரியானதும், சனிக்கிழமை இரவு வேலைக்கென்று நான் எழுதிய அனுமதிக் கடிதத்தை மேலதிகாரி படித்துவிட்டு, “இவ்வளவு பயம் அவசியந்தானா? உலகத்தில் எத்தனையோ பேர் செய்கிறார்களே” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மைக்ரோசாஃப்டின் ஸ்கீமா விரிவாக்கம் பாதியில் கெட்டுப்போவது மிக அபூர்வம் என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். ஆயினும் அபூர்வமானவை நிகழ்ந்த சரித்திரம் உண்டு.

எக்ஸ்சேஞ்ச் 5.5 வரையில் கடிதச் சர்வருக்கென்று சொந்த டைரக்டரி இருந்தது. எக்ஸ்சேஞ்ச் 2000 தொடங்கித்தான் அது விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரியில் குடிபுகுந்தது. அப்படிப் புகும்போது லேபல்டு-யூஆர்ஐ, ஹவுஸ்-ஐடென்டிஃபையர், செக்ரட்டரி என்ற மூன்று குணங்களை, உலகப் பொதுத் தரத்தில் அந்தப் பெயர்களுக்கு உள்ள பொருளோடு ஒத்துப்போகாத விதத்தில் தானே வரையறுத்துக்கொண்டது. பிறகு விண்டோஸ் சர்வர் 2003 வந்து, ஐநெட்-ஆர்க்-பெர்சன் என்ற பொதுத் தர வகையைச் சேர்க்க முற்பட்டபோது, அதே பெயர்களை அதுவும் கேட்டது. ஒரு பெயருக்கு இரண்டு உரிமையாளர் ஏற்பட்டால் டைரக்டரி ஒருவருடைய பெயரின் முன்னால் ‘டூப்’ என்று ஒட்டிச் சிதைத்துவிடும். விண்டோஸ் 2003-இன் தயாரிப்பை முதலில் ஓட்டிவிட்டுப் பிறகு எக்ஸ்சேஞ்ச் 2000-ஐக் கொண்டுவந்தவர்களுக்கு இந்தத் துன்பம் இல்லை. வரிசை மாறியவர்கள் ஒரு சிறிய திருத்தக் கோப்பை முன்கூட்டியே ஏற்றி, அந்தக் குணங்களின் பெயர்களை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரே நிறுவனத்தின் இரண்டு பிரிவினர் தமக்குள் கலந்து பேசாததன் பலனை ஊரிலுள்ள நிர்வாகிகள் அனுபவித்தார்கள்.

இதைக் கேட்ட மேலதிகாரி, “அது இருபது வருஷத்துக்கு முந்தைய கதை அல்லவா?” என்றார். அப்போது எனக்கு 2021 நினைவுக்கு வந்தது. ஸ்டோரேஜ் குரூப் என்பது எக்ஸ்சேஞ்ச் 2000 முதல் 2007 வரையில் வழக்கத்தில் இருந்து, 2010-இல் கைவிடப்பட்ட ஓர் ஏற்பாடு. ஏற்பாடு போயிற்று; ஸ்கீமாவில் அதற்குரிய வகை போகவில்லை. அந்த வகைப் பொருள் ஒரு கணினிக் கணக்குக்கு அடியில் பிறக்கலாம் என்று ஆதியில் எழுதிவைத்திருந்த விதியின் மூலம், சாமானிய அதிகாரம் உள்ள ஒருவர் தமக்குரியதல்லாத பொருள்களைப் படைத்துக்கொண்டு மேலேற முடியும் என்பது அந்த ஆண்டு ஜூலையில் வெளிப்பட்டு, பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் வரிசையில் சிவிஇ-2021-34470 என்ற எண்ணையும் பெற்றது. அதைத் தீர்க்கும் மருந்து ஸ்கீமாவைத் திருத்துவதாகவே இருந்தது. விசேஷம் என்னவென்றால், எக்ஸ்சேஞ்சை எப்போதோ முற்றிலும் நீக்கிவிட்டு மேகத்துக்குப் போய்விட்டவர்களும் இந்த ஆபத்திலிருந்து தப்பவில்லை. குடியிருந்தவர் வீட்டைக் காலிசெய்த பிறகும் அவர் அடித்த ஆணி சுவரிலேயே இருந்தது. பிடுங்க முடியாத ஆணி என்பதால், அதன் முனையை மழுக்குவதற்கென்று மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு ஸ்கிரிப்டை வெளியிட நேர்ந்தது. சர்வரின் ஆயுள் பத்தாண்டு என்றால், அது டைரக்டரியில் எழுதிவிட்டுப் போவதன் ஆயுள் அந்த ஃபாரஸ்டின் ஆயுள்தான். என் பயம் சனிக்கிழமை இரவைப் பற்றியதன்று என்பதை அவர் இப்போது உணர்ந்துகொண்டாரென்று நினைக்கிறேன், கையொப்பம் இட்டார்.

ஆகஸ்டு 14, வியாழன்

ஒத்திகை. டொமைன் கண்ட்ரோலர் ஒன்றின் பேக்கப்பை, வெளி உலகோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனி நெட்வொர்க்கில் எழுப்பி, அதையே ஸ்கீமா மாஸ்டராக்கி, மற்றக் கண்ட்ரோலர்களின் பதிவுகளைத் துடைத்துவிட்டு, கட்டளையை ஓட்டினோம். ஒரு தடையும் இல்லை.

பேக்கப் இருக்கிறதே, கெட்டால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாமே என்று இளைஞர் கேட்டார். ஒரு மெயில்பாக்ஸுக்கும் ஒரு பயனர் கணக்குக்கும் அது பொருந்தும். ஸ்கீமாவை மட்டும் பழைய நிலைக்கு மீட்கும் உபாயம் கிடையாது. ஒரு கண்ட்ரோலரைப் பழைய பேக்கப்பிலிருந்து எழுப்பினால், பக்கத்துக் கண்ட்ரோலர் புதிய ஸ்கீமாவை மறுபடியும் அதற்கு ஊட்டிவிடும். உண்மையில் பின்வாங்க வேண்டுமானால் ஃபாரஸ்டையே முழுவதுமாக இறக்கி, முதலிலிருந்து எழுப்ப வேண்டும். அதைச் செய்ய யாருக்குத் துணிவு வரும்?

ஒத்திகையின்போது கிடைத்த உபரிச் செய்தி ஒன்று. வருகைப் பதிவு மென்பொருளுக்காக முன்னொரு காலத்தில் யாரோ எங்கள் ஸ்கீமாவில் ஒரு குணத்தைச் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு குணத்துக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் ஓஐடி எண் வேண்டும். மைக்ரோசாஃப்டின் எண்கள் 1.2.840.113556 என்று தொடங்கும். ஐஏஎன்ஏ அமைப்பிடம் கேட்டால் 1.3.6.1.4.1 என்ற கிளையில் நமக்கென்று ஓர் எண்ணை இலவசமாகவே தருவார்கள். இலவசமாகக் கிடைப்பதைக் கேட்டு வாங்கச் சோம்பி, வாய்க்கு வந்த எண்ணைப் போடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். நல்ல வேளை, எங்கள் முன்னோர் முறையாக வாங்கித்தான் போட்டிருந்தார்.

ஆகஸ்டு 23, சனி

இரவு வேலை. ஸ்கீமா மாஸ்டர் எந்த டொமைனில், எந்த சைட்டில், அதாவது நெட்வொர்க்கின் எந்த இடத்தில், இருக்கிறதோ, அதே டொமைனிலும் அதே சைட்டிலும் உள்ள யந்திரத்திலிருந்துதான் கட்டளையை ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவர் ஸ்கீமா அட்மின்ஸ், என்டர்பிரைஸ் அட்மின்ஸ் இரண்டிலும் இருக்க வேண்டும். குழுவில் சேர்த்த பிறகு லாக்-ஆஃப் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். இல்லாவிட்டால் புதிய அதிகாரம் கைக்கு வராது.

தொடங்குமுன் ஸ்கீமா மாஸ்டரிலிருந்து வெளியே செல்லும் ரெப்ளிகேஷனை நிறுத்திவைத்தோம். இது அத்தியாவசியமன்று, அனாவசியம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. ஆனால் ஸ்கீமா எழுதப்படும் அந்தச் சில நிமிஷங்களில் விபரீதம் நேர்ந்தால், கெட்டது அந்த ஒரு கண்ட்ரோலரோடு நின்றுவிடும். அதை அணைத்து, திரும்ப ஒருபோதும் எழுப்பாமல், ஸ்கீமா மாஸ்டர் பொறுப்பை வேறொன்றுக்குப் பறித்துக் கொடுத்துவிடலாம். பின்வாங்க முடியாத பாதையில் பின்வாங்க ஓர் அடி இடமாவது கிடைக்கிறதென்றால் அதை ஏன் விட வேண்டும்?

செட்டப் கட்டளையில் ‘பிரிப்பேர் ஸ்கீமா’ மட்டும். உரிம நிபந்தனைகளை ஏற்பதாகவும், யந்திரத்தின் தகவல்களை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பச் சம்மதமா இல்லையா என்பதையும் கட்டளையோடு சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. அதற்கான சொல் நீளமானதால் இளைஞர் அதை எழுத்துக்கூட்டிப் படிக்க நான் தட்டினேன். முடிந்ததும் திரையில் வந்த செய்தியோடு திருப்தியடையாமல் செட்டப் லாகையும் பார்த்து, 17003-ஐயும் கண்ணால் கண்ட பிறகு, நிறுத்திவைத்த ரெப்ளிகேஷனைத் திறந்துவிட்டோம்.

பிறகு காத்திருப்பு. ஒரே சைட்டுக்குள் மாற்றம் சில விநாடிகளில் போய்ச் சேரும். சைட்டுக்கும் சைட்டுக்கும் இடையில், யாரும் மாற்றியமைக்காவிட்டால், 180 நிமிஷம் வரை ஆகலாம். பலவந்தமாகத் தள்ளுவதற்குக் கட்டளை இருக்கிறதென்றாலும் நான் அதைத் தொடவில்லை. கிளைக்குத் தானாகவே போய்ச் சேர்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணந்தான் காரணம்.

ஆகஸ்டு 24, ஞாயிறு

எல்லாக் கண்ட்ரோலர்களையும் தனித்தனியே கேட்டதில், கிளையில் உள்ளது உட்பட, 17003 என்றே விடை வந்தது. அதன் பிறகு ‘பிரிப்பேர் ஏடி’. இது நிறுவனக் கட்டமைப்பையும் எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்புக் குழுக்களையும் புதுப்பிப்பது. அதுவும் பரவிய பிறகு ‘பிரிப்பேர் ஆல் டொமைன்ஸ்’. மற்ற இரண்டு எண்களும் உயர்ந்துவிட்டன. இரண்டு அட்மின் குழுக்களிலிருந்தும் என் கணக்கை எடுத்துவிட்டு, ஆடிட் பதிவில் அது விழுந்ததையும் சரிபார்த்தோம்.

புதிய சர்வரை நிறுவுவது அடுத்த வாரம். நிறுவிய கணமே அது, அவுட்லுக் தன் சர்வரைக் கண்டுபிடிக்க உதவும் ஆட்டோடிஸ்கவருக்கான தன் முகவரியை டைரக்டரியில் எழுதிக்கொள்ளும். உடனே அதைப் பழைய முகவரிக்கு மாற்றாவிட்டால், திங்கட்கிழமை காலையில் அவுட்லுக்கைத் திறக்கும் எல்லோருக்கும் சான்றிதழ் எச்சரிக்கை வரும். அதற்கான கட்டளையை இளைஞரே இன்று எழுதிக் காட்டினார். “இதைச் செட்டப் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா சார், இல்லை முடியும்போதே கையில் வைத்திருக்கட்டுமா?” என்று கேட்டார். கையிலேயே வைத்திருங்கள் தம்பி என்றேன்.