வெப்பமானியும் யாமும்

கல்லூரித் தாயின் ஜூபிலி மலருக்கு யாதாயினும் எழுதித் தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது யாம் பெரிதும் இடர்ப்பட்டோம். எம்முடன் பயின்றோருள் வைத்தியராயும் நியாயவாதிகளாயும் பொறியியலாளராயும் விளங்குவோர் பலர். அவர்கள் எழுதுதற்கு உலகு முழுவதும் கிடக்கின்றது. யாமோ கந்தோரொன்றில் லிகிதராய் இருந்து இளைப்பாறி, இப்பொழுது ஊர்காவற்றுறையிலே பிக்கப் வண்டியில் தண்ணீர் ஏற்றி விற்று வாழ்கின்றோம். ஆதலின் எமக்குத் தெரிந்த ஒன்றையே எழுதத் துணிந்தோம். அது அவ்வண்டியின் கியர்ப் பெட்டிக்கு வெப்பமானி பூட்டிய வரலாறு. கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் யாம் செய்த குற்றமொன்றும் இதனுட் கலந்திருத்தலின், மலருக்கு முற்றும் புறம்பானதன்று என ஆறுதல் கொள்கின்றோம்.

தீவகத்திற் பிறந்தோர்க்கு நல்ல தண்ணீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எமது நிலம் சுண்ணாம்புக் கல். மாரியிற் பெய்த மழை கீழே சுவறி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து கிடக்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே வந்துவிடும். வேலணைச் சாட்டியில் மாத்திரம் மணற்பாங்கான நிலம் நல்ல நீரைத் தேக்கி வைத்திருப்பதால், நெடுங்காலமாக அயற் கிராமங்கள் அதனையே நம்பி வந்துள்ளன. கோடையிற் சோளகக் காற்று எழுந்து கிணறுகள் சவர்த்துப் போகும் மாதங்களில் யாம் ஆயிரம் லீற்றர்த் தாங்கியொன்றை வண்டியிற் கட்டி, சுருவில், நாரந்தனை, கரம்பொன் வழியாக வீடு வீடாய்த் தண்ணீர் கொடுப்போம். வாங்குவோருட் பெரும்பாலார் தனித்திருக்கும் முதியோர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கின்றனர். ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஆயிரம் கிலோகிராம் என்பதை வாசகர் மனத்திற் கொள்க. கதை முழுவதும் அந்தப் பாரத்தின் மேலேயே நிற்கின்றது.

எமது வண்டி தானாகவே கியர் மாறும் வகையினது. ஊரார் அதனை ஓட்டோ கியர் என்பர். இடது முழங்கால் மடியாமையால் அவ்வகையையே 2018 இல் இளைப்பாறிய பணத்தைக் கொண்டு வாங்கினோம். அதன் கியர்ப் பெட்டியுள்ளே இயந்திரத்தையும் சில்லுகளையும் இணைப்பது இரும்பன்று, எண்ணெயே. மின்விசிறிகள் இரண்டை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால், அதன் காற்றால் மற்றையதும் சுழலும் அன்றோ? அவ்வாறே எண்ணெய் நிறைந்த கலத்தினுள் ஒரு சக்கரம் எண்ணெயைத் தள்ள, மற்றைச் சக்கரம் சுழல்கின்றது. இரண்டும் ஒரே வேகத்திற் சுழலும்வரை கவலையில்லை. பாரத்தோடு மணல் ஒழுங்கையில் மெல்ல ஊரும்போது முதற் சக்கரம் விரைய, இரண்டாவது பின்தங்கும். பின்தங்கிய அவ்வளவு வேலையும் வெப்பமாய் எண்ணெயிற் சேரும். தண்ணீர் வண்டிக்கு வாய்த்தது அந்த ஓட்டமே. அடிக்கடி நிறுத்தம், நிறைந்த பாரம், வெண்மணல், எதிர்க்காற்று.

இவற்றை யாம் அறிந்தது 2021 ஆம் ஆண்டு கியர்ப் பெட்டி கருகிய பின்னரே. முகப்பில் எச்சரிக்கை விளக்கு ஒன்று உண்டு. அது எரிந்த அன்று எண்ணெய் ஏற்கெனவே தேயிலைச் சாயம்போற் கறுத்துப் போயிருந்தது. வீடு தீப்பற்றிய பின் மணியடிக்கும் காவற்காரனை ஒத்தது அவ்விளக்கு. 2020 பங்குனி முதல் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், ஓடித் தேய்ந்த பழம் பெட்டிகளும் பொன்னின் விலைக்கு விற்றன. இல்லாளின் காப்பு இரண்டை ஈடு வைத்து ஒன்றைத் தேடிப் பூட்டினோம். மறு ஆண்டு ரூபாய் வீழ்ச்சியுற்றது. அதன்பின் மற்றொரு பெட்டி வாங்குதல் கனவிலும் இயலாது என்பது தெளிவாயிற்று.

வண்டியைத் திருத்தித் தந்தவர் நாரந்தனையைச் சேர்ந்த இளைஞர். அவருடைய தந்தையாரும் அத்தொழிலினரே. 1990 முதற் பல ஆண்டுகள் குடாநாட்டுக்குப் பெற்றோல் வாராதிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சிறிது பெற்றோல் ஊற்றி இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய திறவோருள் அவரும் ஒருவர். அக்கார்கள் பலவற்றில் முகப்புமானி யாவும் இறந்து கிடந்தன. முகப்புத் தகட்டிற் புறங்கையை வைத்தும், புகையை மணந்தும் சூட்டை அறிந்தனர். அந்த வித்தை இயந்திரத்துக்குச் செல்லும். வண்டியின் அடியிற் கிடக்கும் கியர்ப் பெட்டிக்குச் செல்லாது. அங்கே கை எட்டாது. மணம் எட்டும்போது பொருள் கருகியிருக்கும். “அண்ணை, இதுக்கு முள்ளு ஒண்டு வேணும்” என்றார் இளைஞர். ரொறன்ரோவிலுள்ள எமது மருமகன் 2023 வைகாசியில் ஒரு வெப்பமானியைப் பொதியில் அனுப்பினார். வட்ட முகம், பரனைற்று அளவில் 100 முதல் 280 வரை பாகைகள், உணரி ஒன்று, ஒற்றை வயர்.

உணரியை எங்கே பொருத்துவது என்பதில் எமக்கும் இளைஞருக்கும் வாதம் எழுந்தது. கியர்ப் பெட்டியிலிருந்து றேடியேற்றருக்கு எண்ணெய் செல்லும் குழாயிற் பொருத்துக என்பது அவர் கட்சி. அங்கே எண்ணெய் மிகச் சூடாய் வரும். ஒவ்வோர் ஏற்றத்திலும் முள் துள்ளும். அடித்தட்டிற் பொருத்துக என்பது எம் கட்சி. பெட்டிக்குள் எண்ணெய் எந்நிலையில் வாழ்கின்றது என்பதை அத்தட்டே அமைதியாய்க் காட்டும். வண்டி எம்முடையதாதலின் யாமே வென்றோம்.

தட்டைக் கழற்றியபோது அதனுள்ளிருந்த காந்தத்திற் சேறுபோல் இரும்புத்தூள் அப்பியிருந்தது. “இது எல்லா வண்டியிலும் கிடக்கிறது தான், பயப்பிடாதையுங்கோ” என்று இளைஞர் கூறிய பின்னரே மூச்சு வந்தது. உணரிக்குத் தட்டின் அடியில் இடம் வைத்தாற் கல் அடிக்கும். பக்கத்தில் வைத்தால் உள்ளேயுள்ள வடியில் தட்டும். உள்ளே எவ்வளவு இடைவெளி உண்டென்று காண்பதற்கு, அவர் தேநீர்க்கடையில் ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஓர் உருண்டை வாங்கி வந்து, தட்டினுள் ஒட்டி, தட்டை மீண்டும் இறுக்கிக் கழற்றினார். நசுங்கிய மாவின் தடிப்பே இடைவெளி. இத்துணை எளிய அளவுகருவியை எந்த ஆய்வுகூடத்திலும் யாம் கண்டதில்லை. அவ்விடத்திற் துளையிட்டு, புரி வெட்டிய இரும்புக் குமிழ் ஒன்றை ஒட்டுவித்தோம்.

பிழை அங்கேதான் நேர்ந்தது. உணரியின் புரி அமெரிக்க வகை: அங்குலத்துக்கு 27. குமிழில் வெட்டப்பட்டதோ எம் நாட்டுக் கடைகளில் வழங்கும் பிரித்தானியக் குழாய்ப் புரி: அங்குலத்துக்கு 28. இரண்டும் கால் அங்குலத்திற் பாதி என்றே பெயர் பெறும். கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது. இரண்டு சுற்று இனிதாய் ஏறி, மூன்றாவதில் இறுகிற்று. இறுகியதைப் பொருந்தியதென எண்ணினோம். எண்ணெய் ஊற்றியவுடன் சொட்டத் தொடங்கிற்று. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவைப் பத்துச் சுற்றுச் சுற்றி மீண்டும் இறுக்கினோம். சொட்டு நின்றது. மகிழ்ச்சியோடு வயரை இழுத்து முகப்பிற் பூட்டினோம்.

அதன்பின் நான்கு நாள் யாம் அடைந்த இன்பம் சொல்லுந்தரத்ததன்று. சாட்டியிலிருந்து நிறைபாரத்தோடு புறப்படுவோம், முள் எழாது. வங்களாவடிச் சந்தி கடப்போம், எழாது. சுருவில் மணல் ஒழுங்கையிற் புகுவோம். அப்போதும் நூற்றின் கீழே உறங்கும். இத்தனை காலமும் வீணே அஞ்சினோம், புதிய பெட்டி குளிர்ந்தே ஓடுகின்றது என எண்ணிச் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினோம். ஐந்தாம் நாள் கரம்பொன்னை அணுகும்போது, 2021 இல் நுகர்ந்த அதே கருகல் மணம் எழுந்தது. முகப்பைப் பார்த்தோம். முள் அசையவில்லை. மணத்தை நம்பாது முள்ளை நம்பினோம். கரம்பொன்னிற் கடைசி வீடு ஓர் ஆச்சியுடையது, எண்பதைக் கடந்தவர். முன்னாள் அவர் முறை தவறியிருந்தது. “தம்பி, நேற்றும் வரேல்லை, இண்டைக்கும் வராட்டில் கிணத்துத் தண்ணியிலதான் சோறு” என்று காலையிற் தொலைபேசியிற் கூறியிருந்தார். அதனையே சாட்டாகக் கொண்டு அந்த ஒழுங்கையையும் ஊர்ந்து முடித்தோம்.

மாலையில் இளைஞர் அளவுகோலை இழுத்துத் துடைத்தார். புதிதாய் ஊற்றியபோது செந்நிறமாயிருந்த எண்ணெய் மண்ணிறம் கொண்டிருந்தது. “அண்ணை, முள்ளு எழும்பேல்லை எண்டால் சூடில்லை எண்டு அர்த்தமில்லை. முள்ளு வேலை செய்யுதோ எண்டு பாத்தனீங்களோ?” என்றார். அவ்வினாவை யாம் முன்னரும் ஒருமுறை கேட்டிருக்கின்றோம்.

1974 ஆம் ஆண்டு என நினைவு. பௌதிக ஆய்வுகூடத்திற் குழுவுக்கு ஒரு வெப்பமானியும் ஒரு பாத்திரம் நொறுங்கிய பனிக்கட்டியும் தந்து, தாழ் நிலைப்புள்ளியைச் சோதித்து எழுதுக என்றார் ஆசிரியர். எமது வெப்பமானி உருகும் பனிக்கட்டியுள் 2 பாகை காட்டிற்று. பனிக்கட்டி 0 காட்ட வேண்டும் என்பது எமக்குத் தெரியும். 2 என எழுதினால் எமது கைப்பிழை என்பர் என அஞ்சி, 0 என எழுதினோம். வகுப்பு முழுவதும் அவ்வாறே எழுதியிருந்தது. ஒரு மாணாக்கன் மாத்திரம் 2 என எழுதியிருந்தான். பிழையான வெப்பமானிகளை ஆசிரியர் வேண்டுமென்றே தெரிந்து தந்திருந்தார். எமது கொப்பியிற் செம்மையால் ஒரு கோடு இழுத்து, “நீ பார்த்ததையோ எழுதினாய்?” என ஒன்றே கேட்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்போம்.

மறுநாட் காலை உணரியைக் கழற்றிக்கொண்டு தேநீர்க்கடைக்குச் சென்றோம். எமது ஊர் கடல்மட்டத்தில் இருத்தலின் அங்கே கொதிக்கும் தண்ணீர் 212 பாகை என ஐயமின்றிக் கொள்ளலாம். மலைநாட்டார்க்கு அந்த வசதி இல்லை. வண்டியைக் கடைவாயிலில் நிறுத்தி, வயரை நீட்டி, உணரியின் நுனியை மாத்திரம் கேத்தலிற் தோய்த்தோம். முள் எழவில்லை. வண்டியின் உடலிலிருந்து மற்றொரு வயரை எடுத்து உணரியின் பித்தளைக் கழுத்தில் இளைஞர் தொட்டார். முள் துள்ளி எழுந்தது. ஒற்றை வயர் உணரிக்கு மின்சாரம் திரும்பும் வழி அதன் புரியே. பொருந்தாத புரியில் யாம் சுற்றிய பத்துச் சுற்று நாடா அவ்வழியை அடைத்துவிட்டது. மின்வழி அற்ற உணரியும் குளிர்ந்த உணரியும் முள்ளுக்கு ஒன்றே. சுற்றி நின்றோர் ஒருவர்பின் ஒருவராய் வயரைத் தொட்டுப் பார்க்கத் தொடங்க, கடைக்காரர் கேத்தலைத் திரும்பப் பெறுவதற்கு அரைமணி நேரமாயிற்று.

எழுந்த முள்ளும் 200 இலேயே நின்றது. 12 பாகை குறைவு. இம்முறை கண்டதையே கொப்பியில் எழுதினோம். எல்லா இடத்தும் இதே பிழை இருக்கும் என்பதற்கு நியாயமில்லை. எனினும் எமக்கு வேண்டிய எல்லை அதன் அயலிலேயே இருத்தலின் அது போதும். தானியங்கிக் கியர் எண்ணெய் 175 முதல் 200 வரையிற் சுகமாய் வாழும் என்பர் தொழிலறிந்தோர். அதற்குமேல் ஒவ்வோர் 20 பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பதும், 240 இல் அரக்குப்போற் படியத் தொடங்கும் என்பதும் அவர்கள் வழங்கும் கணக்கு. பேர்த்தியின் நகப்பூச்சை வாங்கி, முகக் கண்ணாடியில் முள் 200 காட்டும் இடத்திற் செம்புள்ளி ஒன்று இட்டோம். குமிழை அறுத்து, மருமகன் அனுப்பிய 27 புரிக் குமிழை ஒட்டுவித்து, நாடாவின்றி இறுக்கி, எண்ணெயை மாற்றினோம். இவற்றுக்குப் பதினெட்டு நாள் கழிந்தன. அந்நாட்களில் இளைஞரின் லான்ட்மாஸ்ரரிற் சிறு தாங்கி வைத்து ஆச்சிக்கும் வேறு சிலர்க்கும் மாத்திரம் தண்ணீர் அனுப்ப முடிந்தது. ஏனையோர் உவர்நீரிற் சமைத்தனர். அதற்கு யாமே காரணர்.

பின்னர் முள் காட்டியவற்றுட் சில எமக்கு வியப்பளித்தன. தார் வீதியில் நிறைபாரத்தோடு ஓடுவது தீமையன்று. முள் புள்ளிக்கு மிகக் கீழேயே நிற்கும். சுருவில் ஒழுங்கையில் முந்நூறு யார் ஊர்ந்தால் புள்ளியைக் கடந்துவிடும். இன்னொன்று: வீட்டு வாயிலிற் தண்ணீர் இறைக்கும்போது இயந்திரத்தை நிறுத்துவது எமது வழக்கம். 2022 இல் வாரத்துக்கு இவ்வளவென டீசல் பங்கிட்டுத் தந்த காலத்திற் பழகிய சிக்கனம் அது. ஆயின் இயந்திரம் நின்றால் எண்ணெய் றேடியேற்றருக்குச் செல்வதும் நின்று, சூடு பெட்டியினுள்ளேயே தங்கிவிடும். கியரை விடுவித்து ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டால் முள் கண்முன்னே இறங்கும். சேமித்த டீசலைக் கணக்கிட்டு இல்லாள் இன்றும் நகைப்பாள்.

இப்பொழுது தாங்கியைப் பாதியே நிரப்பி, சோளகம் உரக்குமுன் விடியலில் இரண்டு நடை செல்கின்றோம். ஒழுங்கைகளிற் தாழ்ந்த கியரில் நிறுத்தி ஓட்டுகின்றோம். வருவாய் குறைந்தது, பெட்டி பிழைத்திருக்கின்றது. காப்புக்களுள் ஒன்று மீண்டது. மற்றையது இவ்வாண்டு மீளும் என நம்புகின்றோம். ஆண்டுக்கொருமுறை, சித்திரையிற் கோடை தொடங்குமுன், தேநீர்க்கடைக் கேத்தலில் உணரியைத் தோய்த்துப் பார்க்கின்றோம். சென்ற முறை முள் 198 இல் நின்றது. செம்புள்ளியைச் சுரண்டி எடுத்து, மயிரிழை அளவு இடப்புறம் நகர்த்தி இட்டோம்.