தளர்ந்த கயிறு

கோவாவின் மோர்ஜிம் கரையில் பிற்பகற்காற்றின் வேகம் மணிக்கு 12 கடல்மைல் மட்டுமே. கைட்சர்ஃபிங் பழகுநர் ஒருவர்முன் இரு பட்டங்கள்: காற்றடைத்த ஐந்து குறுக்குக் குழல்களுடன் 14 சதுர மீட்டர், ஒற்றைக் குழலுடன் 12. மென்காற்றுக்குப் பெரியதே ஏற்றது என்பது முதற்கணக்கு. அலையற்ற நீரில் அது சரி. அலையோ சறுக்குபவரைப் பட்டத்தை நோக்கியே தள்ளுகிறது; கயிறுகள் தளர்கின்றன. கனத்த பட்டம் கடலில் விழும். அடுத்த அலை அதைக் கிழிக்கவும் கூடும். இலகுவானதோ இழுவிசை குன்றியபோதும் காற்றோடு நகர்ந்து வானில் நிற்கும்.

1984இல் பிரான்சின் லெகைன்யூ சகோதரர்கள் காப்புரிமை கோரிய காற்றடைத்த பட்டம், நீரில் விழுந்தும் மீண்டெழவே வடிவமைக்கப்பட்டது. மென்காற்றில் அவ்வெழுச்சி அரிது. பிறகு கரைவரை நீந்த வேண்டியதுதான். எவ்வளவு இழுக்கும் என்பதை விடுத்து, இழுக்காதபோது எவ்வாறு நிற்கும் என்று எண்ணிய அவர், சிறியதையே எடுத்தார்.